மற்றும் பலர்

பொங்கல் விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து வந்திருந்த பேரன், பள்ளிக்கூடத்து வினாடி வினாவுக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "தாத்தா, இந்தியா கிரிக்கெட் டீம் முதன்முதலா இங்கிலாந்து போனது எந்த வருஷம்?" என்று கேட்டான்.

இது எனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே என்று, "1932. லார்ட்ஸ் மைதானம். கேப்டன் சி.கே. நாயுடு" என்றேன்.

"அது முதல் டெஸ்ட் மேட்ச் தாத்தா. டீம் போனது 1911-லயே" என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. பையன் ஊருக்குப் போன பிறகும் அந்த 1911 என்னை விடவில்லை. மகனிடம் சொல்லி இரண்டு புத்தகங்கள் வரவழைத்தேன். ஒன்று ராமச்சந்திர குஹா இந்தியக் கிரிக்கெட்டைப் பற்றி 2002-ல் எழுதியது. மற்றது அந்த 1911 பயணத்தைப் பற்றியே பிரசாந்த் கிடாம்பி 2019-ல் எழுதியது. என் ஆங்கிலத்துக்கு இரண்டும் கொஞ்சம் கனம்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாசி முடிவதற்குள் படித்து முடித்தேன். படித்தபோது, நாற்பது வருஷத்துக்கும் மேலாக நான் யாரிடமும் சொல்லாத ஒரு சங்கதி கிளம்பி வந்து எதிரே நின்றது. அதையும் சேர்த்து எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில், கிரிக்கெட்டுக்கும் எனக்கும் உள்ள தூரத்தைச் சொல்லிவிட வேண்டும்.

என் தகப்பனாருக்கு அறந்தாங்கிப் பக்கம். பிழைப்பு சைகோனில். அம்மா வீடு காரைக்கால். அதனால் நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சுப் படிப்பு. 1954-ல் பிரெஞ்சுக்காரன் போய்விட்டாலும் பிரெஞ்சுப் படிப்பு போகவில்லை. வாத்தியாரை 'முசியே' என்றுதான் கூப்பிட வேண்டும். அங்கே பந்து என்றால் கால்பந்து. மாலையில் பெரியவர்கள் இரும்புக் குண்டை உருட்டி 'பெத்தாங்' ஆடுவார்கள். கிரிக்கெட் மட்டையை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. "அது இங்கிலீஷ்காரன் தூங்கிக்கொண்டே ஆடுகிற ஆட்டம்" என்பார் எங்கள் முசியே. பாவம், அவருக்கு ஒரு விஷயம் தெரியாது. 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இருந்தது. ஒரே ஓர் ஆட்டம்தான் நடந்தது, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும். பிரான்ஸ் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. பிரான்ஸ் அணியில் ஆடியவர்களில் பெரும்பாலோர் பாரிசில் குடியிருந்த இங்கிலீஷ்காரர்கள்தான் என்பது வேறு விஷயம்.

அந்தப் பள்ளியில் எனக்கு நன்றாகப் பதிந்தது 'திக்தே'. சொல்வதை எழுதுவது. முசியே நடந்துகொண்டே வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். ஐந்து தப்பு என்றால் பூஜ்யம். ஒரு சொல்லைத் தப்பாக எழுதினாலும் தப்பு, எழுதாமல் விட்டாலும் தப்பு. "விட்டதையும் எண்ணுவேன்" என்பார். அந்தப் பயத்தில் என் கையெழுத்தும் கவனமும் நன்றாக அமைந்தன. பிற்காலத்தில் சோறு போட்டதும் அதுதான்.

சைகோன் பிழைப்பு போய், அப்பா ஊர் திரும்பியதும் நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன், பிறகு சர்வீஸ் கமிஷன் எழுதினேன், அரசாங்கத்தில் குமாஸ்தா ஆனேன். புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரியில். அதையொட்டிப் புது அலுவலகங்கள், புது மேசைகள், புது மனிதர்கள். எல்லா இலாகாவிலும் இளைஞர்கள். அவர்களோடுதான் கிரிக்கெட்டும் என் வாழ்க்கைக்குள் வந்தது. நான் ஆடவில்லை. ஆடத் தெரியாது. ஆனால் விதிகளைப் புத்தகம் பார்த்துப் படித்து, எழுத்து சுத்தமாக இருந்ததால் அணியின் கணக்குப்பிள்ளை ஆனேன். ஆள் கிடைக்காத நாளில் அம்பயரும் நானே. பின்னாளில் வானொலியில் அப்துல் ஜப்பார் அவர்கள் தமிழில் வர்ணனை சொல்லக் கேட்டபோதுதான் ஆட்டத்தின் அழகு எனக்குப் புரிந்தது.

இனி 1911-க்கு வருகிறேன்.

அதற்கு முன்பே பார்சிகள் 1886-லும் 1888-லும் தனியாக இங்கிலாந்து போய் ஆடிவிட்டு வந்திருந்தார்கள். 'அகில இந்திய' அணி என்ற பெயரில் எல்லா மதத்தாரும் சேர்ந்து போனது 1911-ல்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை முயன்று, யாருக்கு எத்தனை இடம் என்ற சண்டையில் அது நின்றுபோயிருந்தது. இந்த முறை பம்பாய்ப் பணக்காரர்களும் சமஸ்தானாதிபதிகளும் சேர்ந்து காரியத்தை முடித்தார்கள். பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் கலந்த அணி. தலைவர் சீக்கியர், பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது 19.

நம் பக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. விக்கெட் கீப்பர் கே. சேஷாச்சாரி சென்னையில் பிறந்தவர். பெங்களூரிலிருந்து பி. ஜெயராம் என்ற மட்டையாளர் போனார்.

அந்த வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்பதை நம்மவர்கள் ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும். லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா 1911 ஜூன் 22. அதற்கு ஐந்து நாள் முன்னால், ஜூன் 17 அன்று, மணியாச்சி ரயில் சந்திப்பில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். ஒரே அரசாங்கம், ஒரே வாரம். இங்கே துப்பாக்கி, அங்கே மட்டையும் பந்தும். அணியை அனுப்பி வைத்தவர்களுக்கு, இந்தியாவில் ராஜ விசுவாசம் நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டுகிற எண்ணமும் இருந்தது. பள்ளிக்கூடப் பாடத்தில் வாஞ்சியைப் படித்த நாம், அதே ஜூன் மாதத்தில் ஒரு சென்னைக்காரர் இங்கிலாந்தில் விக்கெட் கீப்பராகப் போயிருந்தார் என்று படித்ததில்லை.

மகாராஜா எப்படி ஆடினார் என்றால், அவ்வளவாக ஆடவில்லை என்பதே பதில். முடிசூட்டு விழா, விருந்து, வரவேற்பு என்று அவருக்கு வேலை சரியாக இருந்தது. சில ஆட்டங்களில் தலை காட்டினார். அவர் போனதோடு இல்லாமல், அணியின் நல்ல மட்டையாளரான கே.எம். மிஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மிஸ்திரி அவருக்குக் காரியதரிசி. எஜமான் கூப்பிட்டால் போகாமல் முடியுமா? இதை நாம் குறை சொல்லவும் முடியாது. நம் புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் மெல்போர்னில் மாலி ஃபிங்க் அம்மையாரைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்தக் கல்யாணத்தை வெள்ளைக்காரன் ஒப்புக்கொள்ளாததால் பிரான்சில் போய் வாழ்ந்து, 1928-ல் பாரிசில் காலமானவர். ராஜாக்கள் கப்பல் ஏறுவதும், சமஸ்தானத்து வேலையை வேறு யாரோ பார்ப்பதும் நம் ஊருக்குப் புதிதல்ல.

அந்தப் பயணத்தில் வேலையைப் பார்த்தவர் பால்வங்கர் பாலு.

பெயரைக் கேட்டால் நம்மூர்ப் பிள்ளை மாதிரி இருக்கும். தார்வாரில் பிறந்தவர். தோல் தொழில் செய்யும் சமார் சமூகம். ஊர் வழக்கத்தில் தீண்டத்தகாதவர். தகப்பனாருக்குப் பூனாவில் ராணுவத்தில் வேலை. சிறுவன் பாலு முதலில் பார்சிகளின் கிளப்பில் ஆடுதளத்தைப் பெருக்கி உருட்டுகிற வேலை பார்த்தார். மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப். அங்கே 4 ரூபாய். வெள்ளைக்காரத் துரைகள் மட்டையைப் பிடித்துப் பழக, இவர் இடது கையால் மெதுவாகச் சுழற்றிப் பந்து போடுவார். கிரேக் என்ற துரை, தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. ஆனால் மட்டையைப் பாலுவின் கையில் யாரும் கொடுக்கவில்லை. பந்து வீசலாம், அடிக்கக் கூடாது.

வெள்ளைக்காரனையே திணற அடிக்கிறானாமே என்ற செய்தி பூனாவில் இருந்த இந்துக்களின் கிளப்புக்கு எட்டியது. சேர்ப்பதா வேண்டாமா என்று அவர்களுக்குள் தகராறு. கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். ஐரோப்பியரை ஜெயிக்க வேண்டுமே! மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, மண் குவளையில். சாப்பாட்டுக்குத் தனி இடம்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் திறந்தேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

1911-ல் கப்பல் ஏறும்போது பாலு முப்பது வயதைத் தாண்டியவர். தோளில் வலி. அணியோ ஜூனில் தோல்வி மேல் தோல்வி. ஓர் அணி ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் எழுதி முடித்த பிறகு, ஜூலையில் லெஸ்டரில் முதல் பெரிய வெற்றி. அந்த ஆட்டத்தில் பாலு 11 விக்கெட். அடுத்து சாமர்செட். அங்கே அவருடைய தம்பி சிவராம் ஆட்டமிழக்காமல் 113 ஓட்டம் எடுத்து, ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருக்க ஜெயிக்க வைத்தார். தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிய வீட்டிலிருந்து வந்த அண்ணனும் தம்பியும்தான் இந்தியாவின் மானத்தைக் காப்பாற்றினார்கள்.

மொத்தக் கணக்கு இது. ஆடியது 23. வென்றது 6. தோற்றது 15. சமன் 2. பாலு எடுத்த விக்கெட் 114. முதல்தர ஆட்டங்கள் 14-ல் மட்டும் 75.

ஊர் திரும்பியதும் பம்பாயில் அவருடைய மக்கள் அவருக்குப் பாராட்டு நடத்தினார்கள். அப்போது கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கருக்கு அதில் பங்கு உண்டு என்று குஹா எழுதுகிறார். பிற்காலத்தில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். 1932-ல் நம் சென்னை எம்.சி. ராஜாவின் பக்கம் பாலு இருந்தார். பூனா ஒப்பந்தத்தில் ராஜாவின் கையெழுத்தும் உண்டு, பாலுவின் கையெழுத்தும் உண்டு. 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்து நின்று, சுமார் இரண்டாயிரம் வாக்கில் பாலு தோற்றார். 1955-ல் காலமானார்.

இந்து அணிக்கு அத்தனை வருஷம் ஆடியும் அவரைக் கேப்டன் ஆக்கவில்லை. தம்பி விட்டலைத்தான் 1923-ல் ஆக்கினார்கள். விட்டல் தலைமையில் இந்துக்கள் அந்த வருஷம் கோப்பையை ஜெயித்தார்கள்.

இப்போது என் கதை.

1978 என்று ஞாபகம். எங்கள் அலுவலகத்துக்கும் வேறொரு இலாகாவுக்கும் ஆட்டம். அலுவலகம் எது, ஊர் எது என்பதெல்லாம் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். டவுனிலிருந்து சில மைல் தள்ளி, ரோட்டோரம் ஒரு கிராமத்துப் பொட்டலில் ஆட்டம்.

எங்கள் அணியில் சிறந்த பந்துவீச்சாளர் எங்கள் அலுவலக இரவுக் காவலர். கடைநிலை ஊழியர். சேரியிலிருந்து வந்தவர். சிறுவயதில் காலேஜ் பையன்கள் ஆடுகிற இடத்தில் எல்லைக்கு வெளியே நின்று, ஓடிய பந்தை எடுத்து எறிந்து எறிந்தே பழகியவர். இடது கை. மெதுவாக வருவார், பந்து தரையில் பட்டதும் எந்தப் பக்கம் திரும்பும் என்று அடிக்கிறவனுக்கும் தெரியாது, பின்னால் நிற்கிற கீப்பருக்கும் தெரியாது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனால் அவர் என்னைச் 'சார்' என்பார். நான் அவரை 'வாப்பா, போப்பா' என்பேன். அன்றைக்கு அது எனக்கு உறுத்தவில்லை.

எங்கள் கேப்டன் எங்கள் அதிகாரி. நல்ல மனிதர்தான். அன்று 6 ஓட்டம் எடுத்தார், கையில் வந்து விழுந்த கேட்ச் ஒன்றை விட்டார். இரவு முழுக்கக் காவல் இருந்துவிட்டுத் தூங்காமல் வந்த அந்த மனிதர் பந்து வீசினார். எதிரணி சுருண்டது. 7 விக்கெட். நான்தான் ஒரு பக்கத்து அம்பயர்.

ஆட்டம் முடிந்து ரோட்டோர டீக்கடைக்கு எல்லோரும் போனோம். அதிகாரி செலவு. பதினைந்து டீ சொன்னார். கண்ணாடி கிளாஸ் வரிசையாக வந்தது. எங்கள் பந்துவீச்சாளர் பெஞ்சுக்கு வரவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே கடையின் பக்கவாட்டுக்குப் போனார். அங்கே கூரைக் கம்பில் நாலைந்து அலுமினிய டம்ளர் கவிழ்த்து மாட்டியிருந்தது. ஒன்றை எடுத்து, தொட்டியில் அவரே கழுவி, நீட்டினார். கடைக்காரர் உயரத் தூக்கி ஊற்றினார். நின்றுகொண்டே குடித்துவிட்டு, மறுபடி கழுவி மாட்டினார்.

பதினாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் ஊர் வழக்கத்தைச் செய்தார். அவரைச் சட்டப்படி கேட்டிருக்கலாம். 1955-லேயே தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது, நாங்கள் எல்லோரும் அரசாங்க ஊழியர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. என் டீ நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

அதோடு போயிருந்தால் ஊரோடு ஒத்த தப்பு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அடுத்தது என் சொந்தத் தப்பு.

மறுநாள் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அலுவலகத்தில் நல்ல தமிழ் எழுதுகிறவன் நான்தான் என்று பெயர், பிரெஞ்சுப் படிப்பாக இருந்தும்! அதிகாரியின் சீரிய தலைமையில் எங்கள் அணி அபார வெற்றி பெற்றது என்று எழுதினேன். சிறப்பாக ஆடியவர்கள் என்று நாலு பேரைப் போட்டேன். சூப்பரின்டென்ட், இரண்டு உதவியாளர்கள், ஒரு தட்டச்சர். அதற்குப் பின் 'மற்றும் பலர்' என்று முடித்தேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. பதவி வரிசையில் எழுதுவது கைப்பழக்கம். கடைநிலையில் இருந்தவர் 'பலரில்' போய்விட்டார்.

செய்தி வந்தது. அன்று மாலை அவர் காவலுக்கு வந்தபோது என் மேசைப் பக்கம் வந்தார்.

"சார், நம்ம மேட்ச் பேப்பர்ல வந்திருக்காமே?"

"ஆமாப்பா."

"எம்பேரு இருக்குங்களா சார்? புள்ளைக்குக் காட்டலாமேன்னு..."

"இடம் பத்தலைப்பா. சுருக்கிட்டாங்க."

"சரிங்க சார்" என்று போய்விட்டார். பேப்பர்காரர் ஒரு எழுத்தையும் சுருக்கவில்லை. நான் எழுதியதை அப்படியே போட்டிருந்தார்.

பாலுவுக்கு மண் குவளை என்று படித்தபோது புத்தகத்தை ஏன் மூடினேன் என்று இப்போது புரிந்திருக்கும். அது பூனா, அதுவும் அவரவர் பாட்டன் காலம் என்று நினைத்துப் படிக்க முடியவில்லை. அந்த அலுமினிய டம்ளர் என் கண்ணெதிரே மாட்டியிருந்தது.

இன்னொன்றும் உறைத்தது. பாலுவுக்குக் குவளை தனி, சாப்பாடு தனி, தலைமை கிடையாது. ஆனால் கணக்கில் மட்டும் அவரை யாரும் மாற்றவில்லை. இங்கிலாந்தில் ஊர் ஊராக ஆட்டத்துக்குக் கணக்கு எழுதியவர்கள் யாரோ, என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைகள்தான். ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் பெயரை அந்த இடத்தில் எழுதினார்கள். பதவி வரிசை பார்க்கவில்லை. அதனால்தான் நூறு வருஷம் கழித்தும் 114 என்று சொல்ல முடிகிறது. மகாராஜாவின் அணி என்று பத்திரிகைகள் எழுதின. கணக்குப் புத்தகம் வேறு சொன்னது. ஒரு குமாஸ்தாவின் பேனாவால் இவ்வளவு ஆகும் என்று இத்தனை வருஷம் பேனா பிடித்த எனக்குத் தெரியாமல் போயிற்று. எங்கள் ஆட்டத்தின் ஸ்கோர் நோட்டு பழைய பேப்பரோடு போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. ஓராண்டில் அழிக்கலாம், மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று கோப்புகளைப் பிரித்து வைத்தே காலம் கழித்தவன் நான். அந்த நோட்டு எந்த வகை என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் காலை ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். இருக்கிறார். எண்பதை ஒட்டிய வயது. கண் மங்கல், ஞாபகம் தெளிவு. என் குரலைக் கேட்டதும் எழப் பார்த்தார்.

"உட்காருங்க, உட்காருங்க" என்றேன். வாழ்நாளில் அவரிடம் முதல் 'ங்க'. அவர் கவனித்தாரா என்று தெரியாது. எனக்கு நாக்கில் தட்டியது.

மருமகள் உள்ளேயிருந்து தயங்கி எட்டிப் பார்த்து, "சார் டீ சாப்பிடுவாங்களா மாமா?" என்று கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "குடும்மா, சர்க்கரை கம்மியா" என்றேன். எவர்சில்வர் டம்ளரில் வந்தது. அவருக்கும் அதே மாதிரி ஒன்று.

பழைய பேச்செல்லாம் பேசினோம். பென்ஷன், முழங்கால், செத்துப்போனவர்கள். பிறகு அந்த மேட்சைச் சொன்னேன். பேப்பரில் பெயர் விட்டது பேப்பர்காரர் இல்லை, நான்தான் என்று சொன்னேன். சொல்ல ரொம்ப நேரம் ஆயிற்று. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அதெல்லாம் அப்பவே தெரியும் சார். பேப்பர் ஆபீசுல சைக்கிள்ல போடுற பையன் எங்க தெருதான். 'வந்ததை அப்படியே போட்டாங்கண்ணே'ன்னு சொல்லிட்டான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த டீக்கடையைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். "அந்த டீக்கடையில..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அது வேணாம் சார்" என்றார். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. அந்தப் பேச்சை அவர் வீட்டில் வைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை என்று புரிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "7 விக்கெட்டுன்னு பிளாக்ல எழுதப் போறேன். பேர் போட்டு எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"பேரெல்லாம் எதுக்கு சார் இனிமே. பேரனுங்க வேலைக்குப் போற எடத்துல யாரும் துருவிக்கிட்டு இருக்க வேணாம்" என்றார். பிறகு, "ஆனா கணக்கை மட்டும் சரியா எழுதிருங்க. 7 இல்ல. 8" என்றார்.

"எட்டா?"

"அவங்க கேப்டனு. அந்தப் பெரிய ஆபீசரு. கால்ல வாங்குனாரு, நேரா நடு ஸ்டம்பு. நான் கத்துனேன். நீங்கதான் அம்பயர். தலையை ஆட்டிட்டீங்க."

ஆட்டினேன். நினைவு வந்துவிட்டது. பந்து காலில் பட்ட இடம்கூட நினைவு வந்தது. அந்த அதிகாரியின் மேசையில் அப்போது என் இடமாறுதல் மனு இருந்தது. காரைக்கால் பக்கத்தில், அம்மாவுக்கு அருகில் ஓர் இடம் கேட்டிருந்தேன். இடமும் கிடைக்கவில்லை.

"அவுட்டுதான்" என்றேன்.

"தெரியும்ல?" என்று அப்போதுதான் சிரித்தார். பல் இல்லாத வாய் நிறையச் சிரிப்பு. மருமகளைக் கூப்பிட்டு, "அவுட்டுன்னு சொல்லிட்டாருத்தா" என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்பர்களே, பேரனுக்குப் போன் செய்து 1911 கணக்கைச் சொன்னேன். 23 ஆட்டம், 6 வெற்றி, பாலு 114. எழுதிக்கொண்டான். இந்தக் கணக்கை நான் இங்கே எழுதிவைக்கிறேன். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலில், 1978-ல், இடது கைப் பந்துவீச்சாளர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் எடுத்தது 8 விக்கெட். அதில் ஒன்று கேப்டன், எல்.பி.டபிள்யூ. அவர் கேட்டுக்கொண்டபடி பெயரை விட்டிருக்கிறேன். எங்கள் முசியே இருந்தால் இதையும் எண்ணுவார். எண்ணட்டும்.